வழியில் தண்ணீர் கிடைக்குமா

இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கல்லூரியில் பாலைத்திணை நடத்தி வருகிறேன். கள்ளியும் ஓமையும் உகாயும், நீர் வற்றிய சுனையும், வழிப்போக்கரைக் கொல்லும் ஆறலை கள்வரும் என் வகுப்பறையில் ஆண்டுதோறும் தவறாமல் வந்து போவார்கள். ஆனால் பாலைவனம் ஒன்றை நான் கண்ணால் கண்டதில்லை. இதில் வெட்கப்பட ஏதுமில்லை என்றே நினைத்திருந்தேன். நம் பாலை தனி நிலமன்று; முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் தம் இயல்பு திரிந்து பாலை என்னும் வடிவம் கொள்ளும் என்று இளங்கோவே சொல்லிவிட்டார். விருதுநகர் மாவட்டத்துக் கரிசல் காட்டில் பிறந்து, வெடித்த கண்மாய்க்குள் நடந்து பள்ளிக்குப் போனவனுக்கு இதற்குமேல் என்ன சான்று வேண்டும்?

2025 மே மாதக் கடைசியில் தம்பி வீட்டுக்கு, கலிபோர்னியாவில் சான் பெர்னார்டினோவுக்குப் போயிருந்தேன். அவன் அமெரிக்கா சென்று இருபத்துநான்கு ஆண்டுகள் ஆகின்றன. நான் அங்கே போனது அதுவே முதல் முறை. எங்களுக்குள் பேச்சு வார்த்தை இருந்தது, பேச்சு இல்லை. 2021 மே மாதம் அம்மா இறந்தபோது அவன் வரவில்லை. பச்சை அட்டைக்கான வரிசையில் அப்போதும் நின்றுகொண்டிருந்தான். தொற்றுக் காலத் தடையால், வந்தால் திரும்ப நுழைய முடியாது என்ற நிலை. கைப்பேசித் திரையில்தான் கொள்ளி வைப்பதைப் பார்த்தான். காரணம் எனக்குத் தெரியும். தெரிந்தும், மூன்றாம் நாள் தொலைபேசியில், "பணம் அனுப்பினாப் போதும்னு நெனச்சிட்டயா?" என்று கேட்டுவிட்டேன். அவன் பதில் சொல்லவில்லை. நான்கு ஆண்டுகளாக அந்தக் கேள்வி அப்படியே கிடந்தது.

ஊர் திரும்ப மூன்று நாள் இருக்கையில், "ஒருநாள் பாலைவனம் போயிட்டு வருவோமாண்ணே? நீ பாடம் நடத்துற ஆளாச்சே" என்றான். விடியற்காலையில் கிளம்பினோம்.

நாங்கள் போனது '66ஆம் எண் நெடுஞ்சாலை'யின் மொஹாவி பாலைவனப் பகுதி. 1926 நவம்பரில் எண் பெற்ற சாலை அது. சிகாகோவில் தொடங்கி எட்டு மாநிலங்களைக் கடந்து பசிபிக் கரைக்கு வருவது. சுமார் 3,900 கிலோமீட்டர். பெரும் விரைவுச் சாலைகள் வந்தபின் 1985இல் அதன் எண்ணை அதிகாரபூர்வமாக நீக்கிவிட்டார்கள். 1930களில் ஓக்லஹோமா முதலிய மாநிலங்களில் மழை பொய்த்து, புழுதிப் புயலில் வயல்கள் பறந்தபோது, நிலம் இழந்த குடியானவர்கள் பழைய கார்களில் பாய் படுக்கையைக் கட்டிக்கொண்டு இவ்வழியேதான் கலிபோர்னியாவுக்கு வந்தார்கள். ஜான் ஸ்டீன்பெக் 1939இல் எழுதிய 'கோபத்தின் கனிகள்' நாவலில் இதைத் தாய்ச்சாலை என்றார். அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

கஹோன் கணவாயில் ஏறி மறுபுறம் இறங்கியதும் பசுமை அறுந்து போயிற்று. ஓரோ கிராண்டே அருகில் சாலையோரத்தில் ஓர் அதிசயத் தோப்பு. இரும்புக் கம்பங்களில் கிளை வைத்து, கிளைதோறும் பழைய கண்ணாடிப் புட்டிகளைச் செருகி, எல்மர் லாங் என்பவர் 2000ஆம் ஆண்டு முதல் வளர்த்த புட்டி மரங்கள். அவர் 2019இல் காலமானார். காற்று வீசும்போது புட்டிகள் ஒருவகையில் ஊதுகின்றன. தண்ணீரில்லாத ஊரில் வெறும் புட்டிகளால் ஒரு தோப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

பார்ஸ்டோவில் காப்பி குடித்துவிட்டு, டாகெட் என்ற சிற்றூரைக் கடந்தோம். ஸ்டீன்பெக்கின் கதையில் அந்த ஏழைக் குடும்பம் இரவோடு இரவாகப் பாலைவனத்தைக் கடக்கும். பாதி வழியிலேயே பாட்டி இறந்துவிடுவாள். சொன்னால் வண்டியை நிறுத்திவிடுவார்கள் என்று, அந்த வீட்டுத் தாய் பிணத்தின் பக்கத்திலேயே படுத்தபடி, டாகெட் சோதனைச் சாவடியில் "கிழவிக்கு உடம்பு சரியில்லை" என்று சொல்லிக் கடந்துவிடுவாள். விடிந்தபின்தான் மற்றவர்களுக்கே சொல்வாள். இதைத் தம்பிக்குச் சொன்னேன். கற்பனை மட்டுமல்ல, 1936இல் லாஸ் ஏஞ்சலீஸ் காவல்துறை தன் ஆட்களை மாநில எல்லைகளுக்கு அனுப்பிக் கையில் காசில்லாதவர்களைத் திருப்பி அனுப்பியது என்றும் சொன்னேன். கறுப்பின மக்களுக்கோ இந்தச் சாலையின் விடுதிகள் பலவும் கதவைத் திறக்கவே இல்லை. எந்த ஊரில் படுக்கவும் உண்ணவும் இடம் கிடைக்கும் என்று பார்க்கத் தனியாக ஒரு வழிகாட்டி நூலே 1936 முதல் முப்பது ஆண்டுகள் அவர்களுக்குத் தேவைப்பட்டது. ஆறலை கள்வர் சுரத்தில் மட்டும் இருப்பதில்லை. தம்பி சாலையைப் பார்த்தபடி "ம்" என்றான்.

நியூபெரி ஸ்பிரிங்ஸில் 'பாக்தாத் கஃபே' முன் சற்று நின்றோம். பெர்சி அட்லன் 1987இல் அதே பெயரில் எடுத்த படத்தின் களம் அந்தக் கடை. இந்த ஊரில் ஊற்று உண்டு. ரயில் வந்த காலத்தில் கிழக்கே இருந்த நிலையங்களுக்கெல்லாம் இங்கிருந்துதான் தொட்டி வண்டிகளில் தண்ணீர் போயிற்று. உண்மையான பாக்தாத் என்ற ஊர் இன்னும் கிழக்கே இருந்தது; இப்போது அங்கே ஒன்றுமில்லை. 1912 முதல் 1914 வரை தொடர்ந்து 767 நாட்கள் மழையே பெய்யாமல் போன ஊர் அது.

லட்லோ என்ற இடத்தில் பெட்ரோல் போட நிறுத்தினான். போட்டு முடித்தும் வண்டியை எடுக்கவில்லை. "அண்ணே, இங்கதான்" என்றான். எனக்குப் புரியவில்லை.

பிறகு சொன்னான். 2002இல் ஓக்லஹோமா நகரில் அவனுக்கு வேலை போயிற்று. லாஸ் ஏஞ்சலீஸ் பக்கம் ஒரு நண்பன் இருந்தான். இருந்ததையெல்லாம் பழைய கார் ஒன்றில் ஏற்றிக்கொண்டு, 66ஆம் எண் சாலைக்குப் பதிலாக வந்த பெருவழியில் தனியாகப் புறப்பட்டான். கலிபோர்னியா எல்லை தாண்டியபின், நடுப்பகலில், இன்ஜின் கொதித்து வண்டி நின்றது. குடிக்க வைத்திருந்த தண்ணீரையெல்லாம் ரேடியேட்டரில் ஊற்றிவிட்டு, காரின் நிழலில் மாலைவரை உட்கார்ந்திருந்தான். பொழுது சாய்ந்தபின் உருட்டி உருட்டி இங்கே வந்து சேர்ந்தான். கையில் நாற்பது டாலர். அட்டையில் சில நிமிடங்கள் மீதமிருந்தன. தண்ணீர் வாங்குவதற்கு முன்பே அம்மாவுக்குப் பேசியிருக்கிறான்.

"சாப்ட்டியான்னு கேட்டா. சாப்ட்டேன்னேன். ஊரு மாறிப் போறேன், நல்ல வேலைன்னேன். போற வழியில தண்ணி கிடைக்குமாடான்னு கேட்டாண்ணே. எங்க பார்த்தாலும் தண்ணிதாம்மான்னு சொன்னேன். நம்பிட்டா."

அந்தத் தொலைபேசி எனக்கு நினைவிருந்தது. எங்களுக்குக் காலை எட்டு மணி. அம்மா ரிசீவரை வைத்துவிட்டு அடுக்களைக்குப் போகாமல் அங்கேயே நின்றாள். "புள்ளைக்குத் தொண்டை வறண்டு கெடக்கு" என்றாள். கடல் கடந்து வரும் குரல் அப்படித்தான் இருக்கும் என்று நான் படித்தவன் தோரணையில் அடக்கிவிட்டு, என் ஆய்வேட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அன்று மதியம்வரை அவள் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. எதற்கோ விரதம் என்று நினைத்தேன்.

"நம்பலடா" என்றேன். நடந்ததைச் சொன்னேன். அவன் ஸ்டியரிங்கில் இரு கைகளையும் வைத்து, அதன்மேல் நெற்றியைச் சாய்த்துக்கொண்டான். சற்று நேரம் நாங்கள் இருவரும் ஒன்றும் பேசவில்லை. என் பழைய கேள்வியை நான் திரும்பப் பெற்றுக்கொண்டதாக வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

பழைய சாலையின் மரப்பாலங்கள் 1930களில் கட்டப்பட்டவை. திடீர் வெள்ளங்களில் பல பழுதடைந்துவிட்டன. ஆதலால் சிறிது தூரம் பெருவழியில் போய், கெல்பேக்கர் சாலை வழியே தெற்கே இறங்கி ஆம்பாய்க்கு வந்தோம். 1883இல் இங்கே இருப்புப்பாதை போட்டவர்கள் நிலையங்களுக்கு அகரவரிசையில் பெயர் வைத்தார்கள்: ஆம்பாய், பிரிஸ்டல், கேடிஸ், டான்பி என்று. ஊரே இல்லாத இடத்தில் வேறெப்படிப் பெயர் வைப்பது! ஆம்பாயில் 'ராய்ஸ்' என்ற பெயர்ப்பலகை, 1959இல் நட்டது, ஐம்பதடி உயரம். 1973இல் பெருவழி திறந்ததும் இந்த வழியே போக்குவரத்து நின்று, ஊர் வாடிப்போயிற்று. ஆல்பர்ட் ஒகுரா என்ற உணவக அதிபர் 2005இல் ஊரையே விலைக்கு வாங்கி, 2008இல் பெட்ரோல் நிலையத்தைத் திறந்து, 2019இல் அந்தப் பலகையில் மீண்டும் விளக்கெரிய வைத்தார். 2023இல் மறைந்தார். மேற்கே கருநிறத்தில் ஓர் எரிமலை வாய். சரியாக நண்பகல், வேனில். தொல்காப்பியர் வகுத்த பொழுதில்தான் வந்து நின்றிருக்கிறேன். காகம் ஒன்றைத் தவிர உயிர் அசைவில்லை.

சாலைக்கும் இருப்புப்பாதைக்கும் இடையே வெள்ளம் தடுக்கும் மண்கரை நீண்டு கிடக்கிறது. அதன் சரிவில், போகிறவர்கள் கற்களை அடுக்கித் தம் பெயர்களை எழுதி வைக்கிறார்கள். கிலோமீட்டர் கணக்கில் பெயர்கள். சுரத்தின் வழியில் எழுத்துப் பொறித்த நடுகற்கள் நிற்பதைச் சங்கப் பாடல்களில் எத்தனையோ முறை நடத்தியிருக்கிறேன்.

"அம்மா பேர எழுதுவோமாண்ணே?" என்றான்.

வழியில் மாண்டவர்க்கல்லவா நடுகல், அவள் வீட்டில் அல்லவா இறந்தாள் என்று ஓர் ஆசிரியக் குரல் உள்ளே எழுந்தது. அதை அடக்கினேன். கறுத்த கற்களாகப் பொறுக்கினோம். நான்கெழுத்துப் பெயர். வெயிலில் முக்கால் மணி நேரம் ஆயிற்று. கடைசி எழுத்தின் புள்ளிக்குத் தம்பி ஓர் உருண்டைக் கல் தேடி வெகுதூரம் நடந்தான். அப்போது ஒரு சரக்கு ரயில் வந்து, நெடுநேரம் கடந்து போயிற்று.

பாலைப் பாடல்களில் வீட்டிலிருந்து பேசுவோர் அதிகம்: தலைவி, தோழி, மகளைப் போகவிட்ட தாய். அவர்கள் பார்க்காத வழியைத்தான் அவ்வளவு நுணுக்கமாகச் சொல்கிறார்கள். அவற்றை நான் உருகி உருகி நடத்துவேன். சுரத்தின் நடுவே நின்று தலைவன் தன் நெஞ்சோடு பேசும் துறையும் ஒன்று உண்டு. பொருள்தேடப் போனவன்தானே என்று அதை விரைவாகக் கடந்துவிடுவது என் வழக்கம். அவன் ஏன் நெஞ்சோடு மட்டும் பேசுகிறான் என்று நான் கேட்டதே இல்லை. வீட்டுக்குச் சொல்ல முடியாததை வேறு யாரிடம் சொல்வான்?

ஜூலையில் கல்லூரி திறந்ததும் அந்தத் துறையிலிருந்துதான் பாடத்தைத் தொடங்கினேன்.