சாமி படத்துக்குக் கீழ இருந்த டிராயர்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படிங்க.

நம்ம கோயில்ல ஞாயிறு உழவாரப் பணிக்கு வர்றவங்களுக்கு என்னை நல்லாத் தெரியும். கழுவின வாளியைக் கவிழ்த்து வைக்கலைன்னா சத்தம் போடுற ஆள். விளக்கு மேடைக்கு வெளியில எண்ணெய் சிந்தினா, தூண் இடுக்குல யாராவது திருநீற்றைக் கொட்டிட்டுப் போனா, யார் எவர்னு பார்க்காம கேட்டுடுவேன். அதனால சில பேர் மாசக்கணக்கா என்கிட்ட முகம் கொடுத்துப் பேசினதில்லை. அதையும் ஒரு பெருமையாத்தான் நினைச்சிக்கிட்டிருந்தேன். அப்பர் சுவாமி உழவாரப்படையோட நிக்கிற படம்தான் இன்னிக்கும் என் வாட்ஸ்அப் படம்.

மத்த ஆறு நாளும் எனக்குப் பிழைப்பு கிள்ளான்ல ஒரு ஹேண்ட்போன் கடை. பன்னிரண்டு அடி அகலம்கூட இருக்காது. முன்னால கண்ணாடி கவுண்டர், சுவர் பூரா கவரும் கேபிளும், பின்னால ரிப்பேர் மேசை, அதுக்கு மேல முருகன் படம். தினமும் கடையைத் திறந்ததும் விளக்கேத்தி, ஊதுபத்தி கொளுத்தி, சாம்பிராணி போடுவேன். கூட்டினது மட்டும் முன்பக்கம், கஸ்டமர் கண்ணுக்குப் படுற இடம் வரைக்கும்தான்.

டெம்பர்ட் கிளாஸ் ஒட்டிட்டுப் போறவங்க மறுநாளே "அண்ணா, உள்ள முட்டை முட்டையா இருக்கு"ன்னு திரும்பி வருவாங்க. கண்ணாடி சப்ளை பண்றவரைத்தான் திட்டுவேன். என் கடை ஊதுபத்திச் சாம்பலும், ரோட்டுப் புழுதியும், ஃபேன் காத்துல பறந்து அதுக்கடியில போய் உக்காருதுன்னு ஏழெட்டு வருஷமா எனக்குத் தோணவே இல்லை.

போன வருஷம் ஆடி மாசம், ஒரு வெள்ளிக்கிழமை. கோயில்ல பூ கட்டுற அக்கா ஒருத்தங்க பேத்தியோட கடைக்கு வந்திருந்தாங்க. சாமி படத்துக்கு நேர் கீழ இருக்கிற டிராயர்ல ஒரு மைலோ டின். கழட்டின பழைய பேட்டரி எல்லாம் அதுக்குள்ளதான் போடுவேன். பாதி பேட்டரி உப்பிப்போய் தலையணை மாதிரி இருக்கும். அதே டின்னுல திருகாணி, சிம் ஊசி, உடைஞ்ச ஸ்க்ரூடிரைவர் எல்லாம் கிடக்கும். வேலைக்கு நிக்கிற தம்பி எதையோ தேடிக் கையை விட்டுக் கிளறினான். ஏதோ ஒரு முனை பேட்டரியில குத்திடுச்சு போல.

புஸ்ஸுன்னு ஒரு சத்தம். வெள்ளைப் புகை. அடுத்த நிமிஷம் தீ. ஒரு முழம் தள்ளி, போர்டு துடைக்கிற ஐசோபுரோபைல் ஆல்கஹால் பாட்டில் மூடி இல்லாம நிக்குது. மேல விளக்கு எரியுது. மாடியில ஒரு குடும்பம் குடியிருக்கு. அக்கா பேத்தியைத் தூக்கிக்கிட்டு வெளிய ஓடினாங்க. நான் கனமான துணியால டின்னைப் பிடிச்சு அஞ்சடி நடைபாதையைத் தாண்டி சாலையோரம் வீசினேன். பக்கத்துக் கடை சீன அங்கிள் தீயணைப்புக் கருவியோட வந்து டிராயரை அணைச்சார். அவர் கருவிதான். என் கடையில ஒன்னுகூட இல்லை. ஆளுக்கு ஒன்னும் ஆகல, முருகன் புண்ணியம். மேசை கருகிச்சு, என் ரெண்டு விரல் பொசுங்கிச்சு.

மூச்சு வாங்கி நிக்கும்போது அக்கா சொன்னாங்க: "விளக்கு மேடைக்கு வெளியில ஒரு அகல் வச்சதுக்கு என்னை அத்தனை பேர் முன்னாடி திட்டினீங்களே, தம்பி."

அவ்வளவுதான் சொன்னாங்க. எனக்கு வாயே திறக்கல.

ரெண்டு நாள் கடையை மூடிட்டேன். எல்லாத்தையும் வெளிய எடுத்தோம். கருகின டிராயரைக் கழட்டினப்ப, அதுக்கும் பின்பலகைக்கும் நடுவுல ஒரு பிளாஸ்டிக் பை சிக்கியிருந்தது. உள்ள ஒரு போன். மேல என் கையெழுத்துல ஒரு பேரும் தேதியும். மூனு வருஷத்துக்கு முந்தின தேதி.

அந்தப் பேர் நம்ம கோயில் அன்னதானத்துக்கு வர்ற ஒரு ஐயாவோடது. ஸ்க்ரீன் மாத்தக் கொடுத்திருந்தார். ஒரு வாரம் கழிச்சு வந்து கேட்டார். தேடினேன், இல்லை. இல்லைன்னா கொடுத்திருப்பேன்னு முடிவு பண்ணிட்டேன். ரசீது கிடையாது, எல்லாம் ஞாபகத்துல ஓடுற கடை. "நான் வாங்கல தம்பி"ன்னு ரெண்டு தடவை சொன்னார். கடையில நாலு பேர் இருந்தாங்க. "ஐயா, வாங்கிட்டுப் போயிட்டீங்க. வயசாயிடுச்சு, மறந்திருப்பீங்க"ன்னு சொன்னேன். கோபமாகூட சொல்லல, சிரிச்சிக்கிட்டே சொன்னேன். அதுக்கப்புறம் அவர் கடைப் பக்கம் வரல. அன்னதானத்துல நான் சாதம் போடுற வரிசைன்னா, பக்கத்து வரிசைக்கு மாறிடுவார்.

அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல. மறுநாள் போனோட, கையில கொஞ்சம் பணத்தோட அவர் வீட்டுக்குப் போனேன். செடிக்குத் தண்ணி ஊத்திக்கிட்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பணத்தைத் தொடல. உள்ள கூப்பிட்டு உக்கார வச்சு, மெதுவா சொன்னார்:

"நீ சொன்னதுக்கப்புறம் எனக்கே சந்தேகம் வந்திடுச்சுப்பா. கிளினிக்ல போய் ஞாபக மறதிக்குப் பார்த்தேன். ஒன்னும் இல்லைன்னாங்க. மகனுக்குத்தான் பயம், காடி சாவியை வாங்கி வச்சிட்டான். மூனு வருஷமா நான் காடி ஓட்டல."

என்ன பதில் சொல்றது? அவர் மகன் வேலை முடிஞ்சு வர்ற வரைக்கும் அங்கேயே உக்காந்திருந்து, அவர்கிட்டயும் நானே நடந்ததைச் சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை இங்க எழுத வேணாம்.

இப்போ கடை எப்படி நடக்குதுன்னு கேக்கிறவங்களுக்கு: ரிப்பேருக்கு வர்ற ஒவ்வொரு போனுக்கும் நம்பர் போட்ட ரசீது, ரெண்டு பிரதி. கொடுக்கும்போதும் வாங்கும்போதும் கையெழுத்து. ஒரு போனுக்கு ஒரு தட்டு. திருகாணிக்கு காந்த விரிப்பு. இது சும்மா அழகுக்கு இல்லை. ஐபோன்ல ஒரே மாதிரி தெரியிற திருகாணி நீளத்துல கொஞ்சம் வித்தியாசப்படும். நீளமானதைத் தப்பான ஓட்டையில முடுக்கினா போர்டே போயிடும். காலையில முதல்ல கூட்டல், புழுதி அடங்கினப்புறம்தான் ஈரத்துணி, கண்ணாடி ஒட்டுற வேலை அதுக்கும் பிறகு. ஏர்கோன் ஃபில்டரை ரெண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவுறோம். முட்டை விட்ட கண்ணாடின்னு திரும்பி வர்றது எப்பவாவது ஒன்னுதான். சப்ளையர்கிட்ட மன்னிப்பு கேட்டேன், அவர் சிரிச்சார்.

சார்ஜ் ஏறலைன்னு வர்றதுல பல போனுக்கு ஓட்டையில பாக்கெட் பஞ்சு அடைச்சிருக்கும், அவ்வளவுதான். போனை அணைச்சிட்டு மரப் பல்குச்சியால மெதுவா எடுத்தாலே போதும். அதுக்கு முன்னாடி பத்து வெள்ளி வாங்குவேன். இப்ப வாங்கறதில்லை.

முருகன் படத்தை வாசல் பக்கம் மாத்திட்டேன். குருக்கள் ஐயாகிட்ட கேட்டுத்தான். கடைக்குள்ள நெருப்பு இல்லை, சின்ன மின்விளக்குதான். ஊதுபத்தி வாசலுக்கு வெளியில. கழட்டின பேட்டரிக்கு முனையில டேப் ஒட்டி, மணல் போட்ட இரும்புப் பெட்டியில, இறுக்கி மூடாம, தனியா வச்சு, மின்கழிவு எடுக்க உரிமம் உள்ளவங்ககிட்ட கொடுக்கிறோம். தீயணைப்புக் கருவி ரெண்டு வாங்கியாச்சு. ஒன்னு சீன அங்கிளுக்கு, அவர் கருவி அன்னிக்கே காலியாயிடுச்சே.

ஐயா இப்ப கோயிலுக்குக் காடி ஓட்டிக்கிட்டுதான் வர்றார். சாப்பாட்டுக்கு இன்னும் பக்கத்து வரிசைதான். அது அவர் இஷ்டம்.

பூ கட்டுற அக்காகிட்ட, எல்லார் முன்னாடியும் திட்டினதால, எல்லாரும் படிக்கிற இந்த இடத்திலேயே மன்னிப்பு கேட்டுக்கிறேன்.

வர்ற ஞாயிறு காலை 7 மணிக்கு உழவாரப் பணி. பசியாற கோயில்லயே ஏற்பாடு இருக்கு. வீட்டுல உப்பின பேட்டரி வச்சிருக்கிறவங்க குத்தாதீங்க, அமுக்காதீங்க, குப்பையில போடாதீங்க. கடைக்குக் கொண்டு வாங்க, காசு வேணாம். கோயிலுக்கு மட்டும் எடுத்துட்டு வந்துடாதீங்க.