மிளகுக்கு வழி கேட்டவர்கள்

"குமுளிக்கா போற? அப்படியே அரைக் கிலோ மொளகு வாங்கிட்டு வாடா. நல்லாக் கனத்ததாப் பாத்து வாங்கு" என்றாள் சின்னமனூர் அத்தை. நான் இலையில் ஓடிய ரசத்தைச் சோற்றால் அணை கட்டி மறித்துக்கொண்டிருந்தேன். மேலே தக்காளித் தோல், கிள்ளிப்போட்ட வத்தல், அடியில் தட்டிப்போட்ட மிளகு. முதல் இரண்டும் அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. மூன்றாவது, அத்தை வீட்டு மொட்டை மாடியில் நின்றால் தெரிகிற மலையில் காய்ப்பது. அதைச் சொன்னேன்.

"போடா, மொளகா இல்லாமயா நம்ம பாட்டன் பூட்டன் சோறு தின்னாக?"

தின்றார்கள். ஐந்நூறு வருடங்களுக்கு முன்னால் இந்தப் பள்ளத்தாக்கில் ஒருவருக்கும் மிளகாயைத் தெரியாது. காரம் என்றால் மிளகுதான். திவசச் சமையலில் மிளகாய் சேர்க்காத வீடுகள் இன்றும் இருக்கின்றன. பூட்டனுக்கே தெரியாத காயை அவருக்கு எப்படிப் படைப்பது?

1492இல் கொலம்பஸ் கிளம்பியது தங்கத்துக்கும் மிளகு போன்ற வாசனைச் சரக்குக்கும். கிழக்கே வருவதற்காக மேற்கே போனவர், கரீபியத் தீவுகளில் இறங்கி ஆசியாவின் ஓரத்துக்கே வந்துவிட்டதாக நம்பினார். அங்கிருந்த சனங்களுக்கு 'இந்தியர்' என்று பெயரானது. அவர்கள் தின்ற காரக் காய்க்கு மிளகின் பெயர் ஒட்டியது. ஸ்பானிய மொழியில் மிளகு 'பிமியெந்தா', மிளகாய் 'பிமியெந்தோ'. நம் ஆட்களும் சளைத்தவர்களல்ல. போர்த்துகீசியர் கப்பலில் அந்தக் காய் வந்து இறங்கியதும், மிளகு மாதிரி உறைக்கிற காய், மிளகாய் என்று சோலியை முடித்துவிட்டார்கள்.

உத்தமபாளையம் தாண்டும்வரை பேருந்தில் இந்தப் பெயர்க் குழப்பத்தையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன். மெக்சிகோ விவசாயிகள் ஆயிரக்கணக்கான வருடங்கள் பொறுக்கிப் பொறுக்கி விதைத்து உண்டாக்கிய பயிருக்கு இங்கே மக்காச்சோளம் என்று பெயர். மக்காவுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. வட மாவட்டங்களில் நிலக்கடலை மல்லாட்டை, அதாவது மணிலாக் கொட்டை. கடலையின் சொந்த ஊர் தென் அமெரிக்கா. மணிலா, 1815 வரை ஸ்பானியக் கப்பல்கள் மெக்சிகோவிலிருந்து வந்து போன துறைமுகம். விளைவித்தவன் ஊர் பெயரில் இல்லை, கப்பல் நின்ற ஊர் இருக்கிறது.

விளைவித்தவர்களின் கதை கொடுமையானது. 1521இல் அஸ்டெக் தலைநகர் விழுந்தது, 1532இல் இன்கா அரசன் அதாவல்பா பிடிபட்டான். ஸ்பானியர்களுக்குப் பாதிப் போரைப் பெரியம்மையே முடித்துக் கொடுத்தது. பொலிவியாவின் பொதோசி மலையில் 1545இல் வெள்ளி கிடைத்தபின், சுற்றுப்பட்டுக் கிராமங்களில் வேலை செய்யத் திராணியுள்ள ஏழு ஆண்களில் ஒருவர் முறைவைத்துச் சுரங்கத்துக்குப் போகவேண்டும் என்று ஸ்பானிய வைசிராய் தொலேதோ கட்டளையிட்டார். அந்த வெள்ளியில் ஒரு பங்கு கப்பலேறி மலபாருக்கு வந்தது, எதற்கு? அத்தை கேட்ட அதே மிளகுக்கு.

இதே தொலேதோ இன்னொன்றும் செய்தார். மலைகளில் சிதறிக் கிடந்த பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை வேரோடு கிளப்பி, நேர்த் தெருவும் சதுக்கமும் மாதா கோவிலும் உள்ள புது ஊர்களில் குடிவைத்தார். வரி வசூலிக்கவும் கண்காணிக்கவும் தோது. அந்த ஊர்களுக்கு 'ரெதுக்சியோன்' என்று பெயர். ஒழுங்குக்குக் கொண்டுவருதல் என்று தமிழில் சொல்லலாம்.

சன்னலுக்கு வெளியே ஒரு பள்ளிக்கூடப் பலகை கடந்து போனது. அரசு கள்ளர் மேல்நிலைப் பள்ளி. மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டத்துக்காரர்களுக்குப் பழகிப்போன பலகை. குற்றப் பழங்குடிச் சட்டத்தை இங்கே 'ரேகைச் சட்டம்' என்பார்கள். பிறந்த சாதிக்காகவே பிரமலைக் கள்ளர்கள் போலீசிடம் கைரேகை வைக்க வேண்டியிருந்தது, ராத்திரி போலீஸ் கண்ணெதிரில் படுக்க வேண்டியிருந்தது. அதை எதிர்த்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டு, மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் செத்தார்கள். அதே காலத்தில்தான் 'கள்ளர் சீரமைப்பு' என்ற பெயரில் இந்தப் பள்ளிக்கூடங்களும் வந்தன. அவற்றில் படித்து முன்னுக்கு வந்தவர்கள் ஏராளம், அதைக் குறைத்துச் சொல்ல நான் யார்? ஆனாலும் 'சீரமைப்பு' என்ற சொல்லைப் படிக்கும்போது தொலேதோ ஞாபகம் வராமல் இல்லை.

லோயர் கேம்ப்பில் இறங்கினேன். முல்லைப் பெரியாற்று அணையைக் கட்டிய பென்னிகுவிக்கின் மணிமண்டபத்தில் சிலைக்கு யாரோ புது மாலை போட்டிருந்தார்கள். ஏக்கருக்கு வருடம் 5 ரூபாய், 8,000 ஏக்கர், 999 வருடம் என்று திருவிதாங்கூரோடு 1886இல் குத்தகை எழுதினார்கள். 1895இல் முல்லைப் பெரியாறு இந்தப் பக்கம் திரும்பியது. பள்ளத்தாக்கில் பிள்ளைகளுக்கே அவர் பெயரை வைக்கிறார்கள். காட்டில் காய்ச்சலிலும் காலராவிலும் செத்த கூலியாட்களுக்கு அப்படி ஒரு பெயர் கிடைக்கவில்லை.

"எங்க பாட்டன் அங்க கல்லு சுமந்தவருங்க. காய்ச்சலுக்குக் கொய்னா குடுப்பாகளாம். அம்புட்டுக் கசப்பாம்" என்றார் டீக்கடைக்காரர், என் கிளாசில் இன்னொரு கரண்டி சர்க்கரையைப் போட்டபடி.

கொய்னா சிங்கோனா மரப்பட்டையிலிருந்து எடுப்பது. மரம் பெரு நாட்டு மலைகளுடையது. தாவரவியலாளர் லின்னேயஸ் அதற்குச் 'சிங்கோனா' என்று பெயரிட்டது ஒரு ஸ்பானிய வைசிராயின் மனைவியை நினைத்து; அந்தப் பட்டையால் அவள் பிழைத்தாள் என்பது கட்டுக்கதை என்று பிற்பாடு தெரிந்தது. 1860இல் கிளெமென்ட்ஸ் மார்க்கம் என்ற இங்கிலீஷ்காரர் அதன் கன்றுகளையும் விதைகளையும் பெருவிலிருந்து கிளப்பி நீலகிரிக்குக் கொண்டுவரச் செய்தார். ஆனால் இன்காக்களின் கெச்சுவா மொழியில் பட்டைக்குக் 'கினா' என்றுதான் பெயர். அது ஸ்பானியர் வாயிலும் இங்கிலீஷ்காரர் வாயிலும் புகுந்து புறப்பட்டு, லோயர் கேம்ப் டீக்கடையில் கொய்னாவாக நிற்கிறது. அத்தனை பேர் கைமாறியும் தொலையாத ஒரு சொல். டீ ஆறும்வரை அதை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

குமுளிக் கடையில் நெரிசல். "அரைக் கிலோ மிளகு" என்றேன்.

"முளகோ, குருமுளகோ?" என்றார் கடைக்காரர். அவர் கை வத்தல் சாக்குப் பக்கமாகப் போயிருந்தது. மலையாளத்தில் 'முளகு' என்றால் மிளகாய். சொந்த மலையிலேயே மிளகு அடைமொழி போட்டுத்தான் தன்னைச் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

"குருமுளகு சேட்டா, கனத்தது" என்றேன்.