முப்பத்திரண்டில் ஒரு பங்கு

மிக்-21 விமானத்தின் சிறகு விரிவு 7 மீட்டருக்குச் சற்றே அதிகம். மூக்கின்மேல் ஈட்டிபோல் நீண்டு நிற்கும் வேகமானிக் குழாயையும் சேர்த்து அளந்தால் நீளம் 15 மீட்டரைத் தாண்டும். அதை 1/32 என்ற விகிதத்தில் சுருக்கினால், ஒரு கையால் தூக்கும்போது மனம் பதறுகிற, இரு கைகளாலும் ஏந்தினால்தான் நிம்மதி தருகிற, ஏறக்குறைய அரை மீட்டர் நீளமுள்ள ஒரு பிளாஸ்டிக் வடிவம் கிடைக்கிறது. 1936-ல் இங்கிலாந்தில் ஃபிராக் கம்பெனியார் பெங்குவின் என்ற பெயரில் வெளியிட்ட ஆதிகாலப் பிளாஸ்டிக் விமான மாதிரிகள் 1/72 விகிதத்தில் அமைந்திருந்தன. அந்த விகிதம் நெடுங்காலம் இக்கலையில் பிரமாணமாகவே இருந்து வந்திருக்கிறது. அதில் பழகிய கை பெரிய அளவுக்கு மாறும்போது, நீளம் இரண்டேகால் மடங்குதானே கூடுகிறது என்று அலட்சியமாக எண்ணிவிடுவது சகஜம். ஆனால் மேற்பரப்பு ஐந்து மடங்கும், கனபரிமாணம் பதினோரு மடங்கும் கூடிவிடுகின்றன. வர்ணமும் உப்புத்தாளும் ஐந்து மடங்கு வாங்கி வைத்துக்கொள்ளலாம். பொறுமை எத்தனை மடங்கு வேண்டும் என்பதை அவரவர் சுபாவத்துக்கு விட்டுவிடுகிறேன்.

நீள அகலங்களைச் சுருக்கித் தரும் வேலையை அச்சு செய்தவர்கள் முடித்துக் கொடுத்துவிடுகிறார்கள். சுருங்குவதற்குச் சம்மதிக்காத சில வஸ்துக்கள் மிஞ்சுகின்றன. அவற்றோடு மல்லுக்கட்டுவதுதான் மாதிரி செய்கிறவனுக்கு வந்து சேரும் பங்கு. வெளிச்சம் சுருங்குவதில்லை. வர்ணப் பூச்சின் கனம் சுருங்குவதில்லை. பூச்சில் விழுந்துவிட்ட ஒரு தலைமயிர், அசல் விமானத்தின் கணக்கில் பார்த்தால், இரண்டு மில்லிமீட்டர் பருமனுள்ள கம்பியாகிவிடுகிறது. விமானத் தகடுகள் சேரும் இடங்களைக் காட்டுவதற்காக அச்சிலே 0.3 மில்லிமீட்டர் அகலத்தில் கீறியிருக்கும் கோடு, அசலில் ஒரு சென்டிமீட்டர் இடைவெளிக்குச் சமானம். அப்படிப்பட்ட இடைவெளியோடு ஒலியை மிஞ்சிப் பறக்க எந்த விமானியும் சம்மதிக்கமாட்டார். ஆகவே அளவுக்கோலுக்கு விசுவாசமாக இருப்பதோடு இந்த வேலை முடிந்துவிடுவதில்லை. கண்ணுக்கு உண்மையாகத் தோன்றவேண்டுமானால் அளவைச் சில இடங்களில் மனமறிந்து மீறவேண்டியிருக்கிறது. எங்கே மீறுவது, எங்கே மீறாமலிருப்பது என்ற தாரதம்மியம் தெரிவதற்குத்தான் வருஷங்கள் பிடிக்கின்றன.

ஒட்டுகிற வேலையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பாலிஸ்டைரின் பிளாஸ்டிக்குக்கு உபயோகிக்கும் நீர்த்த திரவம் பசையே அல்ல, கரைப்பான். இரு பாகங்களையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு தூரிகையின் நுனியால் சந்தில் தொட்டால் போதும், திரவம் தானாகவே சந்து நெடுகிலும் ஓடி, இரு விளிம்புகளையும் இளக்கி, ஒன்றோடொன்று உருக்கிச் சேர்த்துவிடும். சற்றே அழுத்தினால் இளகிய பிளாஸ்டிக் ஒரு மெல்லிய வரம்பாகப் பிதுங்கி வரும். அந்த வரம்பு கெட்டியாகும்வரை அதைத் தொடாமலிருப்பதே இதிலுள்ள ஒரே சாமர்த்தியம்.

ஜெட் விமானத்துக்கென்று தனியாக உள்ள தொல்லை அதன் வாய். மிக்-21-ன் மூக்கு முழுவதுமே காற்றை உள்ளிழுக்கும் வட்டமான வாய்தான். அதன் நடுவே கூம்பு ஒன்று உட்கார்ந்திருக்கிறது. பெரிய விகிதத்தில் பார்க்கிறவன் கண் நேரே அந்த வளையத்துக்குள் புகுந்து, விமானியின் ஆசனத்துக்கு இருபுறமும் பிரிந்து ஓடும் காற்றுப் பாதையைத் தேடுகிறது. பாதையின் இரு பாதிகளும் சேரும் தையல் அங்கே தெரிந்துவிட்டால் மாயை கலைந்தது. உடலின் இரு பாதிகளையும் ஒட்டிவிட்ட பிறகு விரல் நுழையாத இடம் அது. ஆகையால் பட்டி பார்ப்பதையும், குச்சியில் சுற்றிய உப்புத்தாளால் இழைப்பதையும், உட்புற வர்ணத்தையும் முன்கூட்டியே முடித்தாகவேண்டும். கூம்பைப் பொருத்துமுன் அதன் வயிற்றுக்குள் மீன்பிடிக்கிற ஈயக் குண்டுகளைத் திணித்து வைப்பதும் இந்தச் சந்தர்ப்பத்திலேதான். அசலில் பின்பக்கத்து எஞ்சினின் பளுவுக்கு முன்பக்கத்துக் கருவிகள் ஈடுகொடுத்து நிற்கின்றன. மாதிரியிலோ எல்லாம் பொள்ளல். ஈயம் போதாவிட்டால், எல்லா வேலையும் முடிந்து சக்கரங்களின்மேல் நிறுத்தும் நாளில் விமானம் மூக்கை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு வாலில் உட்கார்ந்துவிடும்.

1963-ல் சண்டிகருக்கு வந்து, 2025 செப்டம்பர் 26-ல் அதே சண்டிகரில் நம் விமானப்படையிடம் விடைபெற்றுக்கொண்ட இந்த விமானம் இடையிலே பல வேஷங்கள் தரித்திருக்கிறது. 1971 யுத்தத்தை ஒட்டிப் பலவற்றின்மீது பளபளப்பை மறைக்கும் நிறங்கள் பூசப்பட்டன. பிற்காலத்தில் சாம்பல் நிறம் வந்தது. எனக்குப் பிரியமானது ஆரம்பகாலத்து வெள்ளி வேஷம்தான். அதுவே கைக்கு மிகவும் அடங்காததும். பச்சையும் பழுப்புமாகத் திட்டுத் திட்டாகப் பூசும் விமானத்தில் இழைப்பின் குற்றங்கள் பாதி ஒளிந்துகொள்ளும்; வெள்ளி வர்ணமோ எதையும் மறைக்காது, மறைப்பதற்குப் பதில் விளம்பரம் செய்யும். நகத்தால் தடவினால் தட்டுப்படாத கீறல்கூட வெள்ளிப் பூச்சுக்குப் பின் ஒரு மின்னல் கோடாக விழித்துக்கொள்கிறது.

ஆதலால் வர்ணம் அடிக்கும் வேலை, வர்ணப் புட்டியைத் திறப்பதற்கு வெகு நாள் முன்பே தொடங்கிவிடுகிறது. கார் பட்டறைகளில் வாட்டர் பேப்பர் என்று கேட்டால் கொடுப்பார்களே, அந்தத் தாளை 400-ல் ஆரம்பித்து 2000 வரைக்கும் படிப்படியாக மாற்றிக்கொண்டு, தண்ணீரில் நனைத்து நனைத்து இழைக்கவேண்டும். பிறகு சாம்பல் நிறப் பிரைமரை மெல்லிசாக அடித்து, மேஜை விளக்கைப் படுக்கவைத்து, ஒளி மேற்பரப்பின்மீது சாய்வாக ஓடும்படி செய்து, முதுகுத் தையல் நெடுகிலும் கண்ணை மெதுவாக ஓட்டிச் செல்லவேண்டும். குழியிருக்கும் இடத்தில் நிழல் ஒரு கண நேரம் தயங்கும். அந்த இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்து, மறுபடியும் பட்டி, மறுபடியும் தாள், மறுபடியும் பிரைமர். இதை அலுப்பான வேலை என்று சொல்கிறவர்களோடு எனக்கு வழக்கில்லை. என் அபிப்பிராயத்தில் இந்தக் கலையின் ரசம் முக்கால்வாசி இங்கேதான் இருக்கிறது.

பிரைமருக்குமேல் பளபளக்கும் கறுப்பு. வெள்ளியாகப் போகிற விமானத்தைக் கன்னங்கரேலென்று நிறுத்தி வைத்திருப்பதைக் கண்டு வீட்டிலுள்ளவர்கள் திகைப்பது வழக்கம். காரணம் எளிதானது. உலோக வர்ணத்தில் இருப்பவை அலுமினியத்தின் நுண்ணிய செதிள்கள். கடையில் கிடைக்கும் சாதாரண வெள்ளி வர்ணத்தில் அவை தனித்தனியே கண்ணுக்குத் தெரியுமளவு பெரியவை; முப்பத்திரண்டு மடங்கு பெருக்கிப் பார்த்தால் மில்லிமீட்டர் கணக்கில் மினுக்குகிற துகள்கள்; விமானத் தகடு திருவிழாக் கடை ஜிகினாத் தாளாகிவிடும். இதற்கென்றே நுணுக்கி அரைத்த லாக்கர் வர்ணங்கள் உள்ளன. அவற்றை ஏர்பிரஷ்ஷில் ஊற்றி, காற்றின் அழுத்தத்தைக் குறைத்து வைத்து, புகை படிவதுபோல் படியவிட்டால், செதிள்கள் கறுப்பின் வழவழப்பின்மேல் மட்டமாகப் படுத்துக்கொள்கின்றன. செதிள்களின் இடுக்கில் நுழைந்த ஒளியைக் கறுப்பு விழுங்கிவிடுகிறது. திரும்பி வருவது உலோகத்தின் ஆழமுள்ள பிரகாசம் மட்டுமே. கறுப்பு ஊமையாக இருந்தால் வெள்ளியும் ஊமை. கறுப்பில் புழுதி இருந்தால் வெள்ளியில் பரு.

சென்னை போன்ற கடற்கரை ஊரில் இதற்கு நாள் பார்க்கவும் வேண்டியிருக்கிறது. லாக்கரில் உள்ள தின்னர் விரைவாக ஆவியாகும்போது மேற்பரப்பைக் குளிரச் செய்கிறது. காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் அந்தக் குளிர்ச்சியில் நீர் படிந்து, பளபளப்பு பால் கலந்ததுபோல் வெளிறிப்போகும். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் புட்டியைத் திறப்பதே வீண். கம்ப்ரெஸரோடு தண்ணீர் பிடிக்கும் குடுவை ஒன்றை இணைத்துக்கொள்ளலாம். அது குழாய்க்குள் வரும் ஈரத்தைத் தடுக்கும், அறைக்குள் நிற்கும் ஈரத்தை என்ன செய்யும்? வறண்ட வெயில் நாளைத் தேர்ந்தெடுத்தாலோ, வர்ணம் காயும்வரை மின்விசிறி போடக்கூடாது என்ற விதி குறுக்கே நிற்கிறது. லாக்கரின் ஆவி நுரையீரலுக்கு ஆகாதாகையால், முகமூடியையும் ஆவியை வெளியே தள்ளும் விசிறிப் பெட்டியையும் விடுவதற்கில்லை. சித்திரை வெயிலில், மூடிய அறையில், முகமூடியோடு வெள்ளி பூசுவது ஒருவகைத் தபஸ்.

முழு உடலும் ஒரே வெள்ளியாக இருந்தால் அது பொம்மை. அசல் விமானத்தில் ஒவ்வொரு தகடும் தன் உலோகக் கலவையாலும், உருட்டிய திசையாலும், பட்ட உஷ்ணத்தாலும் அண்டைத் தகட்டிலிருந்து ஒரு சாயல் வேறுபடுகிறது. அதற்காக மெல்லிய மறைப்பு நாடாவால் கட்டம் கட்டமாக மறைத்து, வெள்ளியோடு ஒரு துளி கறுப்போ பழுப்போ சேர்த்து மறுபடி பூசுகிறோம். வித்தியாசம் எவ்வளவு இருக்கலாம்? மாதிரியை அசையாமல் வைத்துப் பார்க்கிறவனுக்கு அது தெரியக்கூடாது; கையில் வாங்கி மெதுவாகத் திருப்பினால் ஒரு தகடு இருள, அடுத்தது விழிக்கவேண்டும். வாலின் கோடியில், எஞ்சின் அனல் கக்கும் இடத்தில், உஷ்ணம் தாங்கும் உருக்கு. சூடேறிய உருக்கின்மேல் படரும் மெல்லிய ஆக்ஸைடு படலம், அதன் கனத்தைப் பொறுத்து, முதலில் வைக்கோல் மஞ்சள், பிறகு பழுப்பு, ஊதா, கடைசியில் நீலம் என்று வர்ணம் காட்டும். இந்த வரிசை இயற்கையின் விதி. கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் வர்ணங்களை அந்த வரிசைப்படி, ஒன்றின் விளிம்பு மற்றொன்றில் கரையும்படி, வெறும் சாயையாகப் பூசவேண்டும். வரிசை பிறழ்ந்தால், பார்க்கிறவனுக்குக் காரணம் சொல்லத் தெரியாது, ஆனால் ஏதோ பொய் என்று மட்டும் தெரிந்துவிடும்.

கூம்பும் வால்துடுப்பின் நுனியும் ரேடியோ அலைகள் ஊடுருவும் மின்கடத்தாப் பொருளாலானவை; அவற்றுக்கும் சக்கரங்களின் குடங்களுக்கும் பச்சை. விமானியின் அறைக்கு ரஷ்ய விமானங்களுக்கே உரிய அந்த நீலப் பச்சை. இந்த நிறங்களின் சரியான சாயலைப் பற்றி மாதிரிக்காரர்களிடையே நடக்கும் தர்க்கங்களுக்கு முடிவே கிடையாது. நாற்சந்திகளிலும் வாயில்களிலும் நிறுத்தியிருக்கும் விமானங்களைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து சாட்சி சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. அவை மறுபடி மறுபடி பெயிண்ட் அடிக்கப்பட்டவை. பழைய புகைப்படத்தில் காண்பது அந்தப் பிலிமின் நிறம். நல்ல ஒளியில் எடுத்த படங்கள் சிலவற்றை ஒப்பிட்டு, நடுவாக ஒன்றைத் தீர்மானித்துக்கொண்டு, பிறகு அதைப் பற்றி எண்ணாமலிருப்பதே விவேகம்.

மூவர்ண வட்டங்களையும் எண்களையும் ஒட்டுவதற்குமுன் மேற்பரப்பு கண்ணாடிபோல் இருந்தாகவேண்டும். தண்ணீரில் ஊறவைத்து நகர்த்தி ஒட்டும் டெக்கால் படலத்தின் அடியில் காற்று சிக்கிக்கொண்டால் எழுத்தைச் சுற்றிலும் வெண்மையாக ஒரு மினுக்கம் தோன்றி, படத்தை ஒட்டியிருக்கிறார்கள் என்பதை ஊருக்கெல்லாம் அறிவித்துவிடும். வட்டத்தின் நடுவே தகட்டுக் கோடு ஓடினால், அங்கே வினிகரைத் தொட்டு வைத்துப் படலத்தை இளக்கிக் கோட்டுக்குள் உட்காரச் செய்வது பழைய முறை, இன்றும் பலிக்கிறது.

இப்போதெல்லாம் ஒரு நாகரிகம் பரவியிருக்கிறது: தகட்டுக் கோடுகள் ஒவ்வொன்றையும் கறுப்பாகக் காட்டி, நடுவை வெளுக்கவைத்து, விமானம் முழுவதையும் சதுரங்கப் பலகையாக்கிவிடுவது. போட்டி மேடைகளில் அதற்குப் பாராட்டும் உண்டு. செய்கிறவர்களின் கைத்திறமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அரை மீட்டர் மாதிரியை இரண்டடி தூரத்திலிருந்து பார்ப்பது, அசலை இருபது மீட்டர் தூரத்திலிருந்து பார்ப்பதற்குச் சமம். இருபது மீட்டரில் எத்தனை கோடுகள் தெரியும்? அவிழ்த்துப் பூட்டும் மூடிகளைச் சுற்றிலும், எண்ணெய் கசியும் வயிற்றுப்புறத்திலும் அழுக்குச் சேரும்; மெக்கானிக்குகள் ஏறி இறங்கும் சிறகின் அடிப்பகுதியில் பூட்ஸ் தடம் மங்கலாக இருக்கும். மற்ற இடங்களில் வெள்ளி வெள்ளியாகவே இருக்கட்டும். முன்னே சொன்ன அளவு மீறல் கண்ணை நம்பவைப்பதற்காக. செய்தவனின் சிரமத்தைக் காட்டுவதற்காக மீறினால் விகிதம் குலைந்துபோகிறது.

கடைசியாகப் பொருத்துவது அந்த மூக்குக் குழாய். முந்திய வகைகளில் அது மூக்கின் நடுவிலும், பிந்திய வகைகளில் சற்று வலப்புறம் விலகியும் இருக்கும். பிளாஸ்டிக்கில் வார்த்துக் கொடுக்கும் குழாய் தடித்தும் வளைந்தும் இருப்பதால், ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இரண்டு ஊசிக் குழல்களை அறுத்து நானே செய்துகொள்கிறேன். அகன்ற குழல் மூக்கில் நிலையாகப் பதிந்திருக்கும். மெல்லியதை ஒட்டுவதில்லை, செருகுவதோடு சரி. அலமாரியில் ஒரு சீட்டும் எழுதி வைத்திருக்கிறேன்: தூசி தட்டுகிறவர்கள் முதலில் சாமணத்தால் மூக்குக் குழாயை உருவிப் பக்கத்திலுள்ள டப்பியில் போட்டுவிட்டு, அதன் பிறகே விமானத்தின்மேல் கை வைக்கவும்.