எட்டு மணி நேர வேற்றுமையில் ஓர் உதைபந்தாட்டப் பருவம்

பாடசாலை மாணவரின் தேசப்படப் புத்தகத்தை எடுத்து, ருஷ்ய நாட்டின் பக்கத்தை விரித்துக்கொள்வோம். மேற்கோரத்தில், போலந்துக்கும் லித்துவேனியாவுக்கும் நடுவே, தாய்நிலத்தினின்றும் ஒதுங்கிக் கிடக்கும் சிறு துண்டொன்று தென்படும். அதன் தலைநகர் கலினின்கிராட். இரண்டாம் உலக யுத்தம் முடியும்வரை அது ஜேர்மானியரின் கோனிக்ஸ்பேர்க் நகரம். தத்துவஞானி இம்மானுவேல் காண்ட் பிறந்து, வாழ்ந்து, 1804இல் கண்மூடியதும் அங்கேதான். இன்றைய பெயர் அதற்கு இடப்பட்டது 1946இல்.

இனி விரலைக் கிழக்கு நோக்கி நகர்த்துவோம். மொஸ்கோவையும் வொல்கா நதியையும் தாண்டி, யூரல் மலைகளைக் கடந்து, ஒப், யெனிசேய் என்னும் பேராறுகளையும் கடந்து, பைக்கால் ஏரியைச் சுற்றிக்கொண்டு, விரல் ஓய்ந்துபோகும் வேளையில் ஆமூர் நதிக்கரையில் ஒரு நகரத்தை அடைகின்றோம். அது கபாரவ்ஸ்க். அங்கிருந்து சீன எல்லை கிட்டத்திலேயே உள்ளது. இன்னும் தெற்கே இறங்கினால் யப்பான் கடலின் கரையில் விளாடிவொஸ்தொக். மொஸ்கோவிலிருந்து அங்கு செல்லும் புகையிரதப் பாதையின் நீளம் 9,288 கிலோமீற்றர். கலினின்கிராட்டில் காலை 11 மணி அடிக்கும்போது விளாடிவொஸ்தொக்கில் மாலை 7 மணியாகி, தாய்மார் இராப்போசனத்துக்கு அடுப்பை மூட்டிக்கொண்டிருப்பார்கள்.

இவ்விரு முனைகளிலும் உள்ள இளைஞர்கள் ஒரே சுற்றுப்போட்டியில், ஒருவரது ஊருக்கு மற்றவர் சென்று, முறைவைத்து உதைபந்தாடினார்கள் என்றால் நம்புதற்கு அரிதாக இருக்கின்றதன்றோ? ஆயினும் அதுவே உண்மை. அதுவும், உலகப் புகழ்பெற்ற பெருங்கழகங்கள் மோதும் உயர் பிரிவில் அன்று. அதற்கு ஒரு படி கீழே உள்ள பிரிவில்.

ருஷ்ய உதைபந்தாட்டத்தின் உச்சியிலே இருப்பது பிரிமியர் லீக். மொஸ்கோவின் ஸ்பார்ட்டக், சென் பீட்டர்ஸ்பேர்க்கின் செனித் ஆகிய பெயர்களை விளையாட்டுப் பக்கங்களில் நம்மவர் பலரும் கண்டிருப்பர். அதற்கு அடுத்த படியிலுள்ள பிரிவு 2011 முதல் 2022 வரை தேசிய உதைபந்தாட்ட லீக் என்று அழைக்கப்பட்டது. அதன்பின் முதலாம் லீக் என்று பெயர் பெற்றது. பெயரோ முதலாம், இடமோ இரண்டாம்! அந்த முரண்பாட்டை ருஷ்யரே சகித்துக்கொண்டிருக்கையில் நமக்கென்ன வழக்கு?

அந்தப் பிரிவின் ஒரு பருவத்தை, 2016 யூலையில் தொடங்கி 2017 மேயில் முடிந்த பருவத்தை, நாம் இங்கே எடுத்துக்கொள்வோம். இருபது கழகங்கள், ஒவ்வொன்றுக்கும் 38 ஆட்டங்கள். முதல் இரண்டு இடங்களைப் பெறுவோர் நேராக மேலே ஏறுவர். மூன்றாம், நான்காம் இடத்தார் பிரிமியர் லீக்கின் அடிப்பகுதியில் நிற்கும் இரு கழகங்களோடு மோதி, வென்றால் ஏறலாம். கடைசியில் நிற்போர் கீழ்ப்பிரிவுக்கு இறங்குவர்.

கழகங்களின் பெயர்களைச் சற்றே நின்று கவனிப்பது நன்று. சோவியத் காலத்தில் ஒவ்வொரு கழகமும் ஒரு தொழிலையோ திணைக்களத்தையோ சார்ந்தே பிறந்தது. அந்தக் காலம் மறைந்த பின்னும் பெயர்கள் மறையவில்லை. வொல்கா நதிக்கரையிலுள்ள யாரோஸ்லாவ்ல் நகரின் கழகம் ஷின்னிக். பொருள் வேறொன்றுமில்லை, டயர் செய்பவன் என்பதே. அங்குள்ள பெரிய டயர்த் தொழிற்சாலையின் நினைவு அது. நிஷ்னிகாம்ஸ்க் நகரினது நெஃப்தெகிமிக். எண்ணெய் இரசாயனத் தொழிலாளி என்று பொருள். கபாரவ்ஸ்க் கழகத்தின் முன்னே நிற்கும் 'எஸ்.கே.ஏ.' என்னும் மூன்றெழுத்து, இராணுவ விளையாட்டுக் கழகம் என்பதன் சுருக்கம். அழகிய பெயர்களும் இல்லாமலில்லை. வரோனெஷ் நகரினது ஃபாக்கெல், அதாவது தீவட்டி. சராத்தொவ் நகரினது சொக்கொல், வல்லூறு. விளாடிவொஸ்தொக்கினது லூச், கதிர். ருஷ்யாவில் முதலில் சூரியனைக் காணும் நகரங்களுள் ஒன்றுக்கு அப்பெயர் பொருந்துவதுபோல் வேறெந்தப் பெயரும் பொருந்தியிராது என்பது எமது எண்ணம்.

இவற்றின் நடுவே அப்பருவத்தில் ஒரு பெரிய இடத்துப் பிள்ளையும் வந்து சேர்ந்தது. மொஸ்கோ டைனமோ! 1923இல் தோன்றியது, 1936இல் சோவியத் சம்பியன் பட்டத்துக்கான போட்டி தொடங்கியபோது முதலாவது பட்டத்தைப் பெற்றது. கறுப்பு உடையோடு கோல் கம்பங்களுக்கு நடுவே நின்ற லெவ் யாஷினை மூத்த வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். 1963இல் ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரருக்குரிய தங்கப் பந்தைப் பெற்றவர் அவர். வேறெந்தக் கோல்காப்பாளருக்கும் அந்தப் பேறு கிட்டவில்லை. அவர் தம் ஆயுளில் ஆடிய கழகம் டைனமோ ஒன்றே. எண்பது வருட காலம் உயர் பிரிவினின்றும் ஒருபோதும் இறங்காதிருந்த அக்கழகம் 2016 மே மாதத்தில் இறங்கியது. மொஸ்கோவில் அது இழவு வீடு போன்ற செய்தி. கபாரவ்ஸ்கிலும் டியுமெனிலும் அதுவே திருவிழாச் செய்தியாயிற்று. யாஷினின் கழகம் தங்கள் ஊர் மைதானத்துக்கு வந்து புள்ளிகளுக்காக ஆடுமென்று அவ்வூர்ப் பிள்ளைகள் கனவிலாவது எண்ணியிருப்பார்களா?

டைனமோவும் மற்றைய மேற்குக் கழகங்களும் அந்தத் தூரக் கிழக்குக்குச் சென்ற விதம் தனிக் கதை. மொஸ்கோவிலிருந்து கபாரவ்ஸ்குக்கு விமானம் ஏறினால் ஏறத்தாழ எட்டு மணி நேரம். இறங்கும்போது கடிகாரம் ஏழு மணி முன்னே ஓடியிருக்கும். இரவு கண் கொட்டாது. ஆட்டத்தின்போது கண் சொருகும். ஆதலால் சில அணிகள் அங்கே சென்றும் மொஸ்கோ நேரப்படியே உண்டு, உறங்கி, எழும்பி ஆடிவிட்டுத் திரும்பும் உபாயத்தைக் கைக்கொண்டன. ஒரே பயணத்தில் கபாரவ்ஸ்க், விளாடிவொஸ்தொக் இரண்டையும் முடித்துக்கொள்ளும்படி ஆட்ட அட்டவணையைப் பெரும்பாலும் அமைத்ததும் உண்டு.

வந்து போவோருக்கு வருடத்தில் ஒரு முறை வரும் துன்பம் இது. அங்கேயே வாழ்பவருக்கோ? கபாரவ்ஸ்க் அணி அப்பருவத்தில் வெளியூர்களில் ஆட வேண்டியவை 19 ஆட்டங்கள். அவற்றுள் விளாடிவொஸ்தொக் ஒன்றே அயலூர். அயல் என்றாலும் புகையிரதத்தில் எழுநூற்றறுபது கிலோமீற்றருக்கு மேல்! எஞ்சிய பதினெட்டும் பைக்கால் ஏரிக்கு அப்பால். அவற்றுள் மிகக் கிட்டியது யெனிசேய் நதிக்கரையிலுள்ள க்ராஸ்னோயார்ஸ்க். அதுவே புகையிரதப் பாதையில் ஏறத்தாழ 4,400 கிலோமீற்றர். கலினின்கிராட்டின் பால்டிக்காவோடு ஆடவோ நாட்டின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கே பறக்க வேண்டும். ஆட்டக்காரர் மைதானத்தில் செலவிட்ட நேரத்தையும் ஆகாயத்தில் செலவிட்ட நேரத்தையும் கணக்கிட்டால் எது மிகும் என்பதை மாணவர்கள் ஒரு கணக்காகவே செய்து பார்க்கலாம்.

குளிரைப் பற்றியும் ஒரு வார்த்தை. முன்னாளில் ருஷ்யர் வசந்தத்தில் தொடங்கி இலையுதிர்காலத்தில் முடித்துவிடுவார்கள். மேற்கு ஐரோப்பாவின் ஒழுங்கைத் தழுவுவதற்காக 2011இல் அதை மாற்றினார்கள். அன்று முதல் பருவம் கோடையில் தொடங்கி அடுத்த வசந்தத்தில் முடிகிறது. நடுவே நவம்பர் இறுதியிலிருந்து மார்ச் வரை நீண்ட பனிக்கால ஓய்வு. அந்நாட்களில் அணிகள் பல துருக்கி போன்ற வெப்பமான நாடுகளுக்குச் சென்று பயிற்சி பெறும். ஆயினும் நவம்பரில் சைபீரியாவில் நின்று ஆட்டம் பார்க்கும் இரசிகனின் பொறுமையை என்னென்பது!

அப்பருவத்தின் முடிவுக்கு வருவோம். டைனமோ முதலிடம் பெற்று ஒரே வருடத்தில் தன் வீட்டுக்குத் திரும்பியது. இரண்டாம் இடம் டொஸ்னோவுக்கு. அது சென் பீட்டர்ஸ்பேர்க்குக்கு அருகேயுள்ள ஒரு சிற்றூர். அதன் கழகம் தோன்றியது 2013இல்தான். மூன்றாம் இடத்து யெனிசேய் கழகம் துலா நகரின் ஆர்செனலை எதிர்த்து, ஊரில் 2–1 என வென்று, வெளியூரில் 0–1 எனத் தோற்று, வெளியூர்க் கோல் கணக்கில் வாய்ப்பை இழந்தது. நான்காம் இடத்துக் கபாரவ்ஸ்க் அணியோ ஒரென்பேர்க்கைச் சந்தித்தது. ஆமூர்க் கரையில் கோல் எதுவுமில்லை. ஒரென்பேர்க்கிலும் மேலதிக நேரம் முடியும்வரை கோல் எதுவுமில்லை. தண்ட உதைகளில் 5–3 என்று கபாரவ்ஸ்க் வென்றது. 1946இல் பிறந்த கழகம், எழுபது வருடங்களுக்குப் பின் முதன்முறையாக நாட்டின் உயர் பிரிவில் அடியெடுத்து வைத்தது.

அங்கே ஒரு வருடமே நின்றது. கடைசி இடத்தைப் பெற்று மீண்டது. ஆயினும் அந்த ஒரு வருடம் ஸ்பார்ட்டக்கும் செனித்தும் ஆமூர்க் கரையிலுள்ள லெனின் மைதானத்துக்கு வந்து ஆட வேண்டியிருந்தது. ஊர்மக்களுக்கு அது போதாதா?

டொஸ்னோவின் கதை இதனினும் விசித்திரம். 2018 மே 9ஆம் நாள், ருஷ்யர் வெற்றித் திருநாளாகக் கொண்டாடும் தினத்தில், முன்னாள் ஸ்ராலின்கிராட்டாகிய வொல்ககிராட்டில், குர்ஸ்க் நகரின் அவன்கார்டை 2–1 என வீழ்த்தி நாட்டின் கிண்ணத்தையே கைப்பற்றிக்கொண்டது. தோற்ற அவன்கார்டும் அப்போது இரண்டாம் படியில் இருந்த கழகமே என்பதை நாம் கவனிக்க வேண்டும். அடுத்த சில நாட்களில் டொஸ்னோ பிரிமியர் லீக்கிலிருந்து தரமிறங்கியது. யூன் மாதத்தில் கழகமே கலைக்கப்பட்டது. கிண்ணத்தை உயர்த்திப் பிடித்த கைகளுக்கு ஒரு மாதத்தின் பின் அணிவதற்குச் சட்டை இல்லை.

இது தனித்த ஒரு விபத்தாயின் கடந்து போகலாம். 2016–17இல் நாம் எண்ணிய அந்த இருபதை மீண்டும் எண்ணிப் பார்ப்போம். 1928இல் தோன்றி, 2013இல் ஐரோப்பியப் போட்டியொன்றின் குழுச்சுற்று வரை சென்ற க்ராஸ்னொடார் நகரின் கூபான், டொஸ்னோ போன வருடத்திலேயே போயிற்று. பின்னர் வேறொரு கழகம் அப்பெயரைச் சூடிக்கொண்டது. 2010இல் ஒல்லாந்தின் புகழ்பெற்ற பி.எஸ்.வி. அணியைத் தன் ஊரில் 1–0 என வென்று காட்டிய நொவோசிபிர்ஸ்க் நகரின் சிபிர், 2019இல் மறைந்தது. மொர்தோவியா 2020இல். தம்போவ் 2021இல்.

மொர்தோவியாவைப் பற்றிச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. அதன் ஊர் சரான்ஸ்க். 2018ஆம் ஆண்டின் உலகக்கிண்ணத்துக்காக அங்கே நாற்பதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் அமரக்கூடிய மைதானம் ஒன்று எழுந்தது. உலகக்கிண்ண ஆட்டங்கள் நான்கு அங்கே நடைபெற்றன. இரண்டு வருடங்களில் மைதானம் இருந்தது, கழகம் இல்லை. அதே மைதானத்தில், தன் ஊரில் தகுந்த மைதானம் இல்லாத தம்போவ் கழகம் வந்து பிரிமியர் லீக் ஆட்டங்களை ஆடியது. ஊருள்ள கழகத்துக்கு மைதானமில்லை, மைதானமுள்ள ஊருக்குக் கழகமில்லை. பின்னர் தம்போவும் கடனில் மூழ்கியது.

காரணம் என்ன? நுழைவுச்சீட்டு விற்ற பணம் விமானக் கட்டணத்துக்கே காணாது. இக்கழகங்களுட் பலவற்றைத் தாங்கி நிற்பது பிரதேச அரசாங்கத்தின் வரவு செலவுத் திட்டம். அல்லது ஆளுநரின் சொல்லைத் தட்டமுடியாத ஏதேனுமொரு பெருநிறுவனம். ஆளுநர் உதைபந்தாட்டப் பிரியராயின் கழகம் கொழிக்கும். அவர் மாறினால், அல்லது வைத்தியசாலைக்கும் வீதிக்கும் பணம் போதவில்லை என்ற நியாயமான குரல் எழுந்தால், முதலில் வெட்டப்படுவது கழகமே. அக்குரலைப் பிழையென்று நாம் சொல்லமாட்டோம். ஆனால் தந்தையின் கைபிடித்து மைதானத்துக்குப் போன சிறுவனுக்கு அந்தக் கணக்கை யார் விளங்கவைப்பது?

வேறு வழியும் உண்டென்பதற்கு கூபானின் ஊரிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. வணிகர் செர்கேய் கலீத்ஸ்கி 2008இல் தம் சொந்தப் பணத்தில் க்ராஸ்னொடார் என்னும் கழகத்தைத் தொடங்கினார். முதலில் கட்டியெழுப்பியவற்றுள் சிறுவர்களுக்கான பயிற்சிக்கூடமும் ஒன்று. 2016இல் சொந்த மைதானமும் திறக்கப்பட்டது. இரண்டாம் படியில் தொடங்கிய வாழ்வன்று அது. கீழ்ப்படியிலிருந்து ஏறி வந்தது. 2025இல் நாட்டின் சம்பியன் பட்டத்தையே பெற்றது. ஆயினும் இத்தகைய செல்வர் ஊருக்கொருவர் கிடைப்பாரா?

கலினின்கிராட்டின் பால்டிக்கா தப்பிப் பிழைத்தது. 2023இலும் 2025இலும் உயர் பிரிவுக்கு ஏறியது. 2022இல் உக்ரேன் யுத்தம் மூண்டதன் பின் ருஷ்யக் கழகங்கள் சர்வதேசப் போட்டிகளிலிருந்து நிறுத்தப்பட்டன. அயல் நாடுகளின் வான்வழியும் அடைபட்டது. அதுமுதல் அந்நகரிலிருந்து மொஸ்கோ செல்லும் விமானம் நேரே பறக்க முடியாமல், பால்டிக் கடலின் மேலாகப் பின்லாந்து வளைகுடாவைச் சுற்றியே போக வேண்டியதாயிற்று. தூரம் மேற்கு முனையிலும் நீண்டுவிட்டது.

கிழக்கு முனையில் நடந்ததையும் சொல்லிவிடுவோம். 2020இல் பணமின்மையால் விளாடிவொஸ்தொக்கின் லூச் கழகமும் கலைக்கப்பட்டது. கபாரவ்ஸ்கின் ஒரே அயலவன் இல்லாது போனான். அடுத்த பருவத்தின் அட்டவணை வெளிவந்தபோது, அந்த ஆமூர்க் கரைப் பிள்ளைகளுக்கு ஆகக் கிட்டிய எதிரணி 4,400 கிலோமீற்றர் தொலைவிலுள்ள யெனிசேய்க் கழகமாயிற்று. அவர்கள் பெட்டிகளைக் கட்டிக்கொண்டு விமான நிலையத்துக்குப் புறப்பட்டார்கள்.