வீட்டில் பழைய மொரிஸ் மைனர் நிற்கிறதா?



தலைப்பைப் பார்த்ததும், "இது ஆம்பிளைகளின் விஷயம், நமக்கென்ன?" என்று பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள். வீட்டுத் தலைவர் கண்ணை மூடிய பின் அவருடைய காரை விற்கும் பொறுப்பு பல வீடுகளில் பெண்களின் தலையில்தான் விழுகிறது. நகையை உரசிப் பார்த்து, எடை போட்டு வாங்கத் தெரிந்த நாம், அதைவிடக் கூடுதல் விலை போகும் ஒரு பொருளைப் பற்றி ஒன்றுமே தெரியாமல் இருக்கலாமா?

என் மாமிக்கு நடந்ததைச் சொல்கிறேன். மாமா மௌத்தானபோது அவர் விட்டுச் சென்ற சொத்துகளில் 1964ஆம் ஆண்டு மொரிஸ் மைனர் ஒன்றும் இருந்தது. இத்தா முடிந்த பிறகு, பிள்ளைகளின் படிப்புச் செலவுக்காக மாமி அதை விற்க நினைத்தார். வாங்க வந்தவர் காரை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார். "எஞ்சின் நல்லம். ஆனால் கியர் பொக்ஸ் மாறின சாமான். பழைய சின்ன எஞ்சினுடைய பொக்ஸைப் போட்டிருக்கிறாங்க. முதலாம் கியரில் ஊளையிடுறது கேட்கல்லியா?" என்று சொல்லி, கேட்ட விலையில் மூன்றிலொரு பங்கைக் குறைத்தார்.

பதிவுப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தோம். அதில் செஸி இலக்கம் இருந்தது, எஞ்சின் இலக்கம் இருந்தது. கியர் பொக்ஸைப் பற்றி ஒரு சொல் கூட இல்லை. ஆகவே அந்தப் பெட்டியையே பார்த்துத்தான் உண்மையை அறிய வேண்டும். வந்தவரிடம் இரண்டு நாள் தவணை கேட்டுவிட்டு, எங்கள் ஊரில் காலமெல்லாம் மைனர் கார்களோடு காலம் கழித்த கராஜ்கார நானா ஒருவரை அழைத்தோம். அவர் சொல்லித் தந்ததை உங்களுக்கும் சொல்கிறேன்.

அலெக் இஸிகோனிஸ் வடிவமைத்த இந்தக் கார் 1948இல் லண்டன் கண்காட்சியில் அறிமுகமானது. 1971 வரை தயாரிக்கப்பட்டது. வெளித்தோற்றம் பெரிதாக மாறாவிட்டாலும் எஞ்சின் மூன்று முறை மாறியது. முதலில் 918 சீ.சீ., 1952 முதல் 803 சீ.சீ., 1956 முதல் 948 சீ.சீ., 1962 முதல் 1098 சீ.சீ. எல்லாவற்றிலும் முன்னோக்கிப் போக நான்கு கியர்கள்தான். ஆனால் பொக்ஸ் ஒன்றல்ல.

முதல் அடையாளத்தைக் காரில் ஏறி உட்கார்ந்தே காணலாம். 803 எஞ்சினுக்குரிய பொக்ஸில் கியர் கம்பி முன்பக்கத்தில், பெட்டியின் மேலிருந்தே நேராக எழும்பும். நீளமாக, மெல்லியதாக, அகப்பைக் காம்பு போல இருக்கும். 948, 1098 இரண்டிலும் கம்பி குட்டை. கைக்குப் பக்கத்தில், பின்னால் தள்ளி நிற்கும்.

இந்தக் கடைசி இரண்டையும் பிரித்தறிவது எப்படி? காரைச் சமதரையில் நிறுத்தி, பக்கத்தில் பாயைப் போட்டுப் படுத்து, டோர்ச் அடித்துப் பாருங்கள். ஜெக்கில் மட்டும் தூக்கி வைத்த காரின் அடியில் ஒருபோதும் நுழையாதீர்கள். பெட்டியில் படிந்திருக்கும் எண்ணெய் அழுக்கைத் துணியால் துடைத்துவிட்டுப் பார்த்தால், 948இன் பெட்டி வழுவழுப்பாக இருக்கும். 1098இன் பெட்டியில் விலா எலும்பு போல வரிவரியாக மேடுகள் தெரியும். உள்ளேயும் வேறுபாடு உண்டு. வரியுள்ள பெட்டியில் பற்கள் உரசாமல் சேர்வதற்கு மேம்பட்ட வளையங்கள் உள்ளன. கிளச் தட்டும் பெரிது: மற்றது ஆறேகால் அங்குலம், இது ஏழேகால் அங்குலம்.

எஞ்சின் இலக்கத்தின் தொடக்கத்தையும் பாருங்கள். "9 எம்" என்றால் 948, "10 எம்" என்றால் 1098. ஆனால் அது எஞ்சினுக்கு மட்டுமே சாட்சி. 1098 எஞ்சினுக்குப் பின்னால் வழுவழுப்பான பெட்டி இருந்தால் யாரோ மாற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

சரி, அந்த ஊளைச் சத்தம்? முதலாம் கியரிலும் ரிவர்ஸிலும் பற்கள் நேராக வெட்டப்பட்டவை. அதனால் அந்த இரண்டிலும் ஊளையிடுவது மைனரின் பிறவிக் குணம். முதலாம் கியருக்கு உரசலைத் தடுக்கும் வளையமும் கிடையாது. ஆகவே ஓடிக்கொண்டிருக்கும்போது அதைப் போட்டால் கரகரக்கத்தான் செய்யும். இரண்டாம் கியர் போடும்போது பல் நறநறத்தாலோ, மூன்றாம் கியர் தானாகக் கழன்று விழுந்தாலோதான் தேய்மானம் என்று கவலைப்பட வேண்டும்.

மாமியின் காரை அப்படியே பார்த்தோம். நானா துடைத்த இடத்தில் வரிகள் பளிச்சென்று தெரிந்தன. எஞ்சின் இலக்கம் "10 எம்" என்றே தொடங்கியது. இரண்டு நாள் கழித்து வந்தவரிடம் மாமி திரைக்கு அப்பால் இருந்தபடியே, "டோர்ச் இருக்கிறது, நீங்களே குனிந்து பாருங்கள் தம்பி" என்றார். அவர் குனியவில்லை. வேலை இருப்பதாகச் சொல்லிப் போனவர் திரும்பி வரவேயில்லை. சில கிழமைகளுக்குப் பின் வேறொருவர், மாமி கேட்ட விலைக்கே கொண்டு போனார்.

இன்னுமொன்று. ஜப்பான் காரின் பொக்ஸைப் பொருத்திய மைனர்களும் உண்டு. ஓட்டுவதற்கு அது குறையல்ல. ஆனால் பழைமை மாறாத காரைத் தேடுபவர் அதற்கு வேறு விலை சொல்வார். நீங்கள் விற்பதானால் இருப்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள். வாங்குவதானால் பாயையும் டோர்ச்சையும் மறக்காதீர்கள்.

காரை விற்காமல் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. மைனரின் கியர் பொக்ஸுக்கு ஊற்ற வேண்டியது எஞ்சின் ஒயில். பின் அச்சுக்குரிய தடித்த ஒயிலை அதற்குள் ஊற்ற விடாதீர்கள்.

இன்றே உங்கள் கணவரிடமோ வாப்பாவிடமோ கேளுங்கள்: காரில் இருப்பது எந்த எஞ்சின், எந்தப் பொக்ஸ், எப்போது, எங்கே திருத்தியது என்று. கேட்டதை ஒரு கொப்பியில் எழுதி, பதிவுப் புத்தகத்தோடு சேர்த்து வையுங்கள்.