தியவன்னா ஓயாவின் நடுவே

பிள்ளைகளைக் கொழும்புக்கு அழைத்து வரும் தாய்மார்களே, தெஹிவளை மிருகக்காட்சிசாலையோடும் காலிமுகத்திடலோடும் திரும்பிவிடாதீர்கள். கோட்டேக்கும் ஒருமுறை போய் வாருங்கள். முன் அனுமதி வேண்டும். பாடசாலை மூலம் போவது இலகு.

தியவன்னா ஓயாவின் நடுவே நிற்கிறது, ஜெப்ரி பாவா வடிவமைத்த பாராளுமன்றக் கட்டடம். 1982இல் அது திறக்கப்பட்டபோது சபாநாயகராக இருந்தவர் பேருவளையின் பாக்கீர் மாக்கார்.

கூரையின் அழகைப் பிள்ளை மறந்துவிடும். கலரியிலிருந்து சபையைக் காட்டுங்கள். ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் எதிரெதிரே அமர்கின்றன. ஒருவர் சிங்களத்தில் பேச, மற்றவர் தமிழில் பதில் சொல்லலாம். உடனுக்குடன் மொழிபெயர்த்துக் காதில் சேர்க்க ஆட்கள் இருக்கிறார்கள். கடையிலும் கந்தோரிலும் தன் மொழியில் பேசக் கூச்சப்பட்டு வாயடைத்து நிற்கும் பிள்ளைக்கு இதைவிட வேறென்ன பாடம் வேண்டும்?

செங்கோலையும் காட்டுங்கள். பிரித்தானிய மக்கள் சபை 1949இல் அன்பளித்தது. எவ்வளவு பெரிய மனிதர் வந்திருந்தாலும் அது இல்லாமல் சபை கூடாது.

"உம்மா, இங்கே சண்டையும் பிடித்தார்களாமே?" என்று மகன் கேட்பான். மறைக்காதீர்கள். 2018 நவம்பரில் சபாநாயகரின் ஆசனத்தையே மறித்தார்கள், மிளகாய்த்தூளும் வீசினார்கள். அப்படிச் செய்தவர்கள் 225 பேரில் சிலர்தான் என்றும் சொல்லுங்கள். அவர்களை இங்கே அனுப்பியது யார் என்பது அவனுடைய அடுத்த கேள்வி. பதிலை யோசித்து வைத்துக்கொண்டே புறப்படுங்கள்.