எலிச் சின்னத்து ஊர்

மிஷ்கின் என்றால் படிப்பவர்களுக்கு தஸ்தயேவ்ஸ்கியின் ‘அசடன்’ நினைவுக்கு வருவான். சினிமா பார்ப்பவர்களுக்கு அந்தப் பெயரை வைத்துக்கொண்ட நம்மூர் இயக்குநர். எனக்கு அது வோல்காவின் இடக்கரையில் கப்பல் கொஞ்ச நேரம் நின்ற ஒரு சிற்றூர்.

துறையில் இறங்கியதுமே எலிதான். துணி எலி, மர எலி, எலிக்கென்றே ஓர் அருங்காட்சியகம். கரையில் தூங்கிய இளவரசன் ஒருவனின் முகத்தில் எலி ஓடி எழுப்பியதாம். விழித்தால் பக்கத்தில் பாம்பு. கதை கிடக்கட்டும், 1778இல் கிடைத்த நகரச் சின்னத்திலேயே மாகாணத் தலைநகர் யாரொஸ்லாவ்லின் கரடிக்குக் கீழே எலி இருக்கிறது.

மிஷ்கின் நகரமானது 1777இல். பேரரசி இரண்டாம் கத்தரீன் மாகாணங்களைப் பிரித்து, இருபது முப்பதாயிரம் ஆண்களுக்கு ஒரு வட்டம் என்று வகுத்தார். வட்டத்துக்கொரு நீதிமன்றம், கருவூலம். அவற்றை வைக்க ஒரு நகரம். இருந்த நகரங்கள் போதவில்லை. கிராமங்களை நகரமாக்கினார்.

மிஷ்கினுக்கு முன் கப்பல் நின்ற உக்லிச்சில் ஒரு மணியைப் பார்த்தோம். 1591இல் சிறுவனான இளவரசன் திமித்ரி இறந்தபோது அடித்து ஊரைத் திரட்டிய குற்றத்துக்காக, நாக்கை அறுத்து சைபீரியாவுக்கு நாடு கடத்தப்பட்ட மணி. திரும்பியது 1892இல். ரஷ்ய ஆட்சிகளுக்குத் தண்டிக்க ஆள்தான் வேண்டும் என்றில்லை. 1920களில் மிஷ்கினும் கிராமமாக இறக்கப்பட்டது. 1991இல்தான் மறுபடி நகரம். 1957ஆம் ஆண்டு விதிப்படி நகரத்துக்கு 12,000 பேராவது வேண்டும். இங்கே ஆறாயிரம் பேர்கூட இல்லை. தலைகளை எண்ணியிருந்தால் நகரப் பதவி கிடைத்திருக்காது.

கம்பளிப் பூட்ஸுக்கும் இங்கே ஓர் அருங்காட்சியகம். வாலென்கி என்கிறார்கள். தையலே கிடையாது, ஆட்டு ரோமத்தை வெந்நீரில் நனைத்து அமுக்கி அமுக்கியே வடிவம் கொண்டுவருகிறார்கள். எடுத்துப் பார்த்தேன், பலகை போல விறைப்பு.

மிஷ்கினோடு அதே 1777இல் நகரமானது மொலகா. அதன் சின்னத்திலும் கரடி உண்டு. ரீபின்ஸ்க் அணைக்காக அதைக் காலி செய்யச் சொன்னார்கள். மர வீடுகளைப் பிரித்து, கட்டைகளைத் தெப்பமாகக் கட்டி ஆற்றில் விட்டுக் கூடவே போனார்கள் ஜனங்கள். 1941இல் தண்ணீர் ஏறத் தொடங்கியது. இன்று அங்கே 4,500 சதுர கிலோமீட்டர் ஏரி. நீர் வற்றும் ஆண்டுகளில் தெருக்கற்கள் தெரியும்.

இறக்கிய பதவியைத் திருப்பித் தரலாம். மொலகாவுக்கு எதைத் தருவது? ரீபின்ஸ்கில் 1995 முதல் அதற்கொரு அருங்காட்சியகம் இருக்கிறது. மிஷ்கினில் எலி பார்க்கப் போகிறவர்கள் அங்கேயும் ஒரு நடை போய்வாருங்கள்.